பரிசும் பயன்பாடும்: ஓர் அறவியல் நோக்கு

கொடுத்தலும் பெறுதலும் மனித உறவு எவ்வளவு பழமையானதோ அவ்வளவு பழமையானவை. பிறப்பு, பூப்பு, திருமணம், புதுமனை புகுதல், பட்டமளிப்பு, பயணம் என வாழ்க்கையின் ஒவ்வொரு திருப்பத்திலும் உற்றாரும் நண்பரும் ஏதேனுமொரு பொருளைக் கையிலேந்தி வருகின்றனர். எதைக் கொடுப்பது என்னும் வினா அவ்வேளைகளில் எழுகின்றது. பெரும்பாலும் அது கடைத்தெருவிலே தீர்த்துக்கொள்ளப்படும் ஒரு சிறு வினாவாகவே கருதப்படுகின்றது. கையிலுள்ள பணம் எவ்வளவு, கடையிலுள்ள பொருள் யாது என்னும் இரண்டுக்கும் விடை கிடைத்ததும் வினாவும் முடிந்துவிடுகின்றது. ஆயினும் சற்று ஆழ்ந்து நோக்குமிடத்து, இன்னொருவரின் வாழ்வைப் பற்றி ஒருவர் எவ்வளவு அறிந்துள்ளார், அவரை எவ்வாறு மதிக்கின்றார், அவரிடமிருந்து எதனை எதிர்பார்க்கின்றார் என்பனவெல்லாம் இச்சிறு வினாவினுள் அடங்கியிருத்தல் புலனாகும். அவ்வகையில் இஃது அறவியலுக்குரிய வினாவாகும்.

இவ்வினாவுக்குப் படித்தவர் மத்தியில் இன்று பெருவழக்காக வழங்கும் விடை, 'பயனுள்ளதைக் கொடு' என்பதாகும். இவ்விடை தோன்றியமைக்குக் காரணம் உண்டு. ஒரே திருமண வீட்டிலே நான்கு சுவர் மணிக்கூடுகளும் ஐந்து தேநீர்க் கோப்பைத் தொகுதிகளும் வந்து சேர்வதும், அவற்றுட் பல மேலுறை பிரிக்கப்படாமலே அலுமாரியில் இருந்து அடுத்த திருமண வீட்டுக்குப் பயணஞ் செய்வதும் யாவரும் அறிந்ததே. பொருளையும் பணத்தையும் வீணாக்கும் இவ்வாடம்பரத்துக்கு எதிராக, பயன்பாட்டினை அளவுகோலாகக் கொள்ளும் கருத்து எழுந்தமை இயல்பே. எனினும் பயன்பாடு என்னும் அளவுகோல் மட்டும் போதுமானதா? யாருக்குப் பயன், யார் கருதும் பயன் என்னும் வினாக்களை எழுப்பாமல், பயனுள்ள பரிசு நல்ல பரிசு என முடிவுகட்ட இயலுமா? இவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பரிசு என்பது எதுவென வரையறுத்துக்கொள்ளுதல் அவசியம். தமிழிலே கொடுத்தற் பொருளைச் சுட்டும் சொற்கள் பலவுள. ஈகை, கொடை, பரிசில், கையுறை, காணிக்கை, சீர், வரிசை, மொய், அன்பளிப்பு, நன்கொடை என்பன அவற்றுட் சில. இவை ஒருபொருட் கிளவிகள் அல்ல. கொடுப்போருக்கும் பெறுவோருக்கும் இடைப்பட்ட உறவு மாறுந்தோறும் சொல்லும் மாறுகின்றது. இறைவனுக்குக் கொடுப்பது காணிக்கை. புலவனுக்குக் கொடுப்பது பரிசில். வறியவனுக்குக் கொடுப்பது ஈகை. திருவள்ளுவர் ஈகை என்னும் அதிகாரத்தைத் தொடங்கும்போதே வறியவருக்குக் கொடுப்பது ஒன்றே ஈகை என்றும், ஏனைய கொடைகள் யாவும் அளந்து கொடுத்து அளந்து பெறும் தன்மையின என்றும் வரையறுத்துவிடுகின்றார். பிந்தியதனைச் சுட்ட அவர் ஆளும் சொல் 'குறியெதிர்ப்பை' என்பதாகும். அயல் வீட்டிலே ஒரு சுண்டு அரிசியை அளந்து வாங்கி, அதே சுண்டினால் அளந்து திருப்பிக் கொடுக்கும் கைமாற்றையே அச்சொல் குறிக்கின்றது.

வள்ளுவரின் இவ்வரையறையின்படி உறவினருக்கும் நண்பருக்கும் கொடுக்கப்படும் பரிசுகள் ஈகையாகா. அவை எதிர்ப்பயன் நோக்கும் கொடையின் பாற்படும். இக்கூற்று கடுமையானதாகத் தோன்றினும், பிற்கால மானிடவியல் ஆய்வுகள் இதனை ஒருவகையில் உறுதிப்படுத்தின என்றே கூறவேண்டும். பிரான்சிய அறிஞர் மார்சல் மோஸ் 1925இல் வெளியிட்ட கொடை பற்றிய கட்டுரையில், தொன்மைச் சமூகங்களிலே கொடை என்பது மூன்று கடப்பாடுகளாலானது எனக் காட்டினார். கொடுக்கும் கடப்பாடு, ஏற்கும் கடப்பாடு, திருப்பிக் கொடுக்கும் கடப்பாடு என்பனவே அவை. தோற்றத்தில் விருப்பத்தின்பாற்பட்டதாயினும் உண்மையிற் கொடை கட்டாயத்தின்பாற்பட்டது என்பது அவர் கருத்து. நமது ஊர்களிலே மொய்ப்பணத்தைக் கொப்பியிற் பதிந்துவைக்கும் வழக்கமும், அயலிலிருந்து பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பியனுப்புதல் ஆகாது என்னும் எண்ணமும் இம்மூன்றாவது கடப்பாட்டின் வெளிப்பாடுகளே.

மோஸ் தமது முடிவுகளுக்கு ஆதாரமாகக் கொண்டவற்றுள் மலினோவ்ஸ்கி 1922இல் வெளியிட்ட துரோபிரியாண்ட் தீவுகள் பற்றிய நூலும் ஒன்றாகும். அத்தீவினர் 'கூலா' எனப்படும் முறையில் சிவந்த சிப்பி மாலைகளை ஒரு திசையிலும் வெண்சங்கு வளையங்களை எதிர்த்திசையிலும் தீவுக்குத் தீவு கைமாற்றி வந்தனர். இதன்பொருட்டு ஆபத்தான கடற்பயணங்களையும் மேற்கொண்டனர். அன்றாட வாழ்க்கைக்கு இவற்றால் விளையும் பயன் யாதுமில்லை. பயனுள்ள பண்டங்களும் அதே பயணங்களிற் பரிமாறப்பட்டன. ஆனால் அது பேரம் பேசி நடைபெறும் வேறொரு வாணிகமாகவே கொள்ளப்பட்டது. கூலாப் பொருளிற் பேரம் பேசுதல் இழிவு. அதாவது, பயனை நாடும் பரிமாற்றத்தையும் உறவை நாடும் பரிமாற்றத்தையும் அம்மக்கள் தெளிவாக வேறுபடுத்தியிருந்தனர்.

பரிசின் நோக்கம் உறவே எனின், பயன்பாடு பற்றிப் பேசவேண்டிய அவசியமே இல்லையெனச் சிலர் வாதிடலாம். இதற்கு நேரெதிரான வாதத்தை நவீன பொருளியலாளர் முன்வைப்பர். அமெரிக்கப் பொருளியலாளர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே, யேல் பல்கலைக்கழக மாணவரிடம் அவர்கள் பெற்ற நத்தார்ப் பரிசுகளின் மதிப்பைக் கேட்டறிந்தார். பரிசின் விலைக்கும் பெற்றவர் அதற்கு இடும் மதிப்புக்கும் இடையில் விலையின் பத்திலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை இழப்பு ஏற்படுவதாக அவர் கணித்தார். ஒருவருக்கு எது வேண்டும் என்பதை அவரே நன்கறிவார். ஆகவே பணத்தைக் கொடுத்துவிட்டால் இவ்விழப்பு நேராது என்பது இதிலிருந்து எளிதாகப் பெறப்படும் முடிவாகும். உறையில் இட்ட பணமே சிறந்த பரிசு எனக் கருதும் நமது மக்கள் பலரும் பொருளியல் கல்லாமலே இம்முடிவுக்கு வந்துள்ளனர்.

ஆயினும் அவ்வாய்வினை ஊன்றி நோக்குவோர் இரு செய்திகளை அவதானிப்பர். ஒன்று, பரிசின் உணர்வுசார் மதிப்பை நீக்கிவிட்டே மாணவர் மதிப்பிடுமாறு கேட்கப்பட்டனர். உறவின்பொருட்டுக் கொடுக்கப்பட்ட பொருளிலிருந்து உறவைக் கழித்துவிட்டு எஞ்சியதை அளந்தால், அங்கே குறைவு தோன்றுவது வியப்பன்று. மற்றையது இதனிலும் முக்கியமானது. எல்லாப் பரிசுகளும் ஒரே அளவில் மதிப்பிழக்கவில்லை. நண்பரும் காதலரும் கொடுத்தவை குறைவாகவே மதிப்பிழந்தன. பெற்றோரின் உடன்பிறந்தார் முதலான தூரத்து உறவினர் கொடுத்தவையே அதிகம் இழந்தன. பெறுபவரின் அன்றாட வாழ்க்கையோடு பழகியவர் கொடுத்தது பயன்பட்டது. உறவுமுறையால் மட்டும் நெருங்கியவர் கொடுத்தது பயன்படவில்லை. இங்கு பயன்பாட்டினைத் தீர்மானித்தது பொருளின் இயல்பு அன்று. கொடுத்தவரின் அறிவே ஆகும்.

பயன்பாடு பொருளின் குணமன்று, கொடுப்போர் பெறுவோரை அறிந்திருக்கும் அறிவின் விளைவு என்னும் இக்கருத்தினைச் சங்க இலக்கியத்தின் துணைகொண்டு மேலும் விளக்கலாம். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். அதியமான் தனக்குக் கிடைத்தற்கரிதாய்க் கிடைத்த நெல்லிக்கனியை ஔவையாருக்குக் கொடுத்தான். மூன்றும் புகழப்பட்ட கொடைகள். ஆயினும் மூன்றும் ஒரு தன்மையன அல்ல. மயில் போர்வையை உடுத்தவோ போர்த்தவோ மாட்டாது என அறிந்திருந்தும் பேகன் கொடுத்தான் எனப் பரணர் புறநானூற்றிலே பாராட்டுவர். அவரே பிறிதொரு பாடலில் அவனது இயல்பைக் 'கொடைமடம்' எனச் சுட்டுவர். வரையறையின்றிக் கொடுக்கும் வேந்தனின் பெருமையைப் பாடவந்த புலவருக்கு அம்மடம் அழகாயிற்று. ஆனால் குளிர்ந்தது யார்? மயிலின் அகவலிலே பேகன் கேட்டது மனிதனின் குளிரையே. அன்பு மெய்யானது; அறிவு மட்டும் அங்கே இடம்பெறவில்லை. அதியமானின் கொடையிலோ இரண்டும் ஒன்றுசேர்ந்தன. நீண்ட வாழ்நாள் எவருக்கும் பயன்படும். ஆயினும் அது யாரிடத்து இருப்பின் பலருக்குப் பயன்படும் என அவன் அறிந்திருந்தான்.

பெறுவோரின் பக்கத்திலிருந்து பரிசினை நோக்கும் மரபும் தமிழில் உண்டு. அகப்பொருள் இலக்கணத்திலே 'கையுறை மறுத்தல்' எனத் தனித் துறையே வகுக்கப்பட்டுள்ளது. குறுந்தொகையின் முதற் செய்யுளிலே திப்புத்தோளார், தலைவன் கொண்டுவந்த காந்தட் பூவைத் தோழி ஏற்க மறுப்பதைப் பாடுகின்றார். எங்கள் மலையிலும் செங்காந்தள் நிறைந்துள்ளது என்பதே அவள் கூறும் காரணம். இருப்பதையே கொண்டுவருபவன் இருக்கும் இடத்தை அறியாதவன் என்னும் குறிப்பும் அதிற் பெறப்படும். நற்றிணையிலே கபிலர் பாடலொன்றில் நிலைமை இன்னும் சிக்கலானது. தலைவன் தந்த தழையாடையை உடுத்தால் தாய்க்கு அஞ்சவேண்டும். திருப்பிக் கொடுத்தால் அவன் வருந்துவானே என அஞ்சவேண்டும். இரண்டுக்கும் இடையிலே தழை வாடுகின்றது. உடுத்தற்குரிய தழை பயனுள்ள பொருளே. ஆனால் ஏற்கவும் இயலாது மறுக்கவும் இயலாது தவிக்கும் நிலையில் அது பெறுபவளை நிறுத்திவிடுகின்றது. கொடுப்பவர் தம் மகிழ்ச்சியை மட்டும் எண்ணிக் கொடுக்கும் பரிசு பெறுபவருக்குச் சுமையாகும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

மேலை நாட்டினருள் இப்பொருளைப் பற்றி விரிவாகச் சிந்தித்தவர் கி.பி. முதலாம் நூற்றாண்டினரான உரோம மெய்யியலாளர் செனக்கா ஆவார். நன்மை செய்தல் பற்றி ஏழு பாகங்களில் அமைந்த நூலொன்றை அவர் எழுதினார். முதலில் இன்றியமையாதவற்றையும், அடுத்துப் பயனுள்ளவற்றையும், அதன்பின் இன்பந் தருவனவற்றையும் கொடுக்கவேண்டும். அவை நீடித்து நிலைப்பனவாகவும் இருத்தல் வேண்டும் என அவர் ஒரு வரிசையை வகுத்தார். அங்கேயே ஓர் எச்சரிக்கையையும் விடுத்தார். ஒருவரின் குறையைச் சுட்டிக்காட்டும் பொருளைப் பரிசாகக் கொடுத்தலாகாது என்பதே அது. குடிகாரனுக்கு மதுவையும் நோயாளிக்கு மருந்தையும் பரிசாக அனுப்புதல் அவர் தரும் உதாரணங்கள். மருந்து நோயாளிக்குப் பயனுள்ளதே. ஆயினும் பரிசாக வரும்போது அது, 'நீ நோயாளி' என்று கூறுகின்றது.

இவ்வெச்சரிக்கை நமது சமூகத்துக்கு மிகவும் வேண்டப்படுவதாகும். பயன்கருதிக் கொடுக்கப்படும் பரிசுகள் பல, பெறுபவரைத் திருத்தும் கருவிகளாகவே அமைந்துவிடுகின்றன. கருநிறப் பெண்ணுக்குப் பிறந்தநாளன்று நிறத்தை வெளிறச் செய்யும் முகப்பூச்சைக் கொடுக்கும் உறவினர் நன்மை செய்வதாகவே எண்ணுகின்றார். பரீட்சையில் ஒருமுறை தவறிய இளைஞனுக்குக் கடந்தகால வினாத்தாட் தொகுதியைக் கொடுக்கும் மாமனாரும் அவ்வாறே எண்ணுகின்றார். இவையெல்லாம் 'நீ இருக்கும் வண்ணம் இருத்தலாகாது' என்னும் தீர்ப்பினை வண்ணத்தாளிற் சுற்றிக் கையளிப்பனவாகும். புத்திமதி வேண்டுமாயின் அதனை வாயாற் சொல்லலாம். அதற்கு மறுமொழி கூறவும் கேட்பவரால் இயலும். பரிசாக வரும் புத்திமதிக்கு நன்றி கூறுவதன்றி வேறு வழியில்லை.

இதனோடு தொடர்புடைய பிறிதொரு தவறு, கடமையைப் பரிசெனப் பெயர்மாற்றிக் கொடுத்தல் ஆகும். பள்ளிப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு அப்பியாசக் கொப்பிகளும் சப்பாத்தும் வாங்கிக் கொடுக்கும் பெற்றோரை எடுத்துக்கொள்க. வறுமையிலே அதுவே இயன்றதாயின் அவர்களைக் குறைகூறுதல் தகாது. ஆனால் வசதியுள்ள வீட்டிலும் இவ்வாறு செய்யப்படுமிடத்து, பிள்ளைக்கு உரிமையாகக் கிடைக்கவேண்டியது அன்பின் அடையாளமாகக் காட்டப்படுகின்றது. தாய்மாருக்குக் கொடுக்கப்படும் சமையலறைப் பொருள்கள் பற்றியும் இவ்வாறே சிந்தித்தல் வேண்டும். நாற்பது ஆண்டுகள் அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் உழைத்த கைகளுக்கு மின்சார அரைக்கும் இயந்திரம் மெய்யான ஆறுதலே. அதனை எவ்வளவு விரைவில் வாங்குதல் கூடுமோ அவ்வளவு நன்று. எனினும் அவ்வியந்திரம் அரைப்பது யாருக்காக? வீட்டார் யாவரும் உண்ணும் உணவுக்காக. வீடு தனக்கு வாங்கிக்கொண்ட பொருளைத் தாயின் கணக்கிலே பரிசாகப் பதிவது முறையன்று. சமையலறைக்கு வெளியிலும் அவளுக்கு விருப்பங்கள் இருக்கலாம் என எண்ணிப் பார்க்காத பிள்ளைகளே அவளுக்கு ஆண்டுதோறும் பாத்திரம் வாங்குகின்றனர்.

அடுத்ததாகப் பரிசினுள் அடங்கியுள்ள அதிகாரம் பற்றி நோக்குதல் வேண்டும். திருப்பிக் கொடுக்கும் கடப்பாடு பற்றி மோஸ் கூறியது மேலே சுட்டப்பட்டது. இருவரும் ஏறத்தாழ ஒத்த நிலையினராயின் இக்கடப்பாடு உறவை வளர்க்கும். ஒருவர் மிக உயர்ந்தும் மற்றவர் மிகத் தாழ்ந்தும் இருப்பின், திருப்பிக் கொடுக்க இயலாத பரிசு தீராக் கடனாகிவிடும். புறநானூற்றிலே பெருஞ்சித்திரனாரின் செயல் இங்கு நினைவுகூரத்தக்கது. வறுமையின் கொடுமையைப் பாடல்களிலே பதிந்த அப்புலவர், அதியமான் நெடுமான் அஞ்சி தம்மைக் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலை ஏற்க மறுத்தார். தாம் வாணிகப் பரிசிலன் அல்லர் என்றும், தமது தகுதியை அறிந்து கொடுப்பின் தினையளவேனும் இனிதென்றும் அவர் கூறினார். அவருக்குப் பொருள் வேண்டியிருந்தது. ஆகவே அப்பரிசில் பயனற்றதன்று. அது தம்மைக் காணாது வந்தது என்பதே அவர் கண்ட குறை. தேவை மிகுந்தவனுக்கு மானம் வேண்டியதில்லை என எண்ணுவோருக்கு இது தக்க விடையாகும்.

1983ஆம் ஆண்டின் பின் ஈழத்தமிழர் பெருந்தொகையினராய்ப் புலம்பெயர்ந்தமையால் இவ்வினா நமது குடும்பங்களுக்குள்ளேயே வந்துவிட்டது. கடல் கடந்த உறவினர் அனுப்பிய பணமும் பொதிகளும் போர்க்காலத்திலே எத்தனையோ வீடுகளில் அடுப்பெரியச் செய்தன. அவர்கள் அங்கே பனியிலும் இரவு வேலையிலும் உழைத்து அனுப்பியவை அவை. அந்நன்மையைச் சிறுமைப்படுத்துதல் நன்றிகொன்ற செயலாகும். ஆயினும் வடமராட்சி வெயிலுக்குக் கம்பளிச் சட்டை வந்து சேரும்போது பேகனின் போர்வை நினைவுக்கு வராமற் போகாது. அனுப்பியவர் தமது குளிரை எண்ணி அனுப்பியுள்ளார். அன்றியும், ஒருபுறமிருந்து மட்டுமே பொருள் வந்துகொண்டிருக்க, மறுபுறம் நன்றி கூறுவதையே தொழிலாகக் கொள்ளுமாயின் உடன்பிறந்தார் நாளடைவிலே புரவலரும் இரவலருமாக மாறிவிடுவர்.

இந்நிலையிலிருந்து உறவை மீட்பது, பெறுபவரும் கொடுப்பதற்கு இடமளித்தலே ஆகும். ஊரிலிருந்து செல்லும் புழுக்கொடியலும் பனங்கட்டியும் வீட்டிலே வறுத்திடித்த மிளகாய்த்தூளும் விலையாற் சிறியன. ஆனால் எந்த மாநகரக் கடையிலும் அந்தக் கைப்பக்குவம் கிடைக்காது. அவற்றை அனுப்பும் முதிய தாய், தானும் கொடுக்கவல்லவள் என்பதை நிலைநாட்டுகின்றாள். 'இதையெல்லாம் ஏன் அனுப்பினீர்கள்? இங்கே எல்லாம் வாங்கலாம்' எனக் கூறும் மகன், சிக்கனம் பேசுவதாக எண்ணிக்கொண்டு அவளது கொடுக்கும் உரிமையைப் பறிக்கின்றான். பெறத் தெரிதலும் ஓர் அறமே. உதவியின் அளவு செய்யப்பட்ட உதவியால் அன்றிப் பெற்றவரின் பண்பினால் அமைகின்றது எனச் செய்ந்நன்றியறிதல் அதிகாரத்திலே வள்ளுவர் கூறுவது, பெறுபவரை அவர் எவ்வளவு உயர்ந்த இடத்தில் வைத்தார் என்பதைக் காட்டும்.

கேட்டுப் பெறப்படும் கொடையின் இழிவுக்குச் சீதனத்தினும் வேறு சான்று வேண்டியதில்லை. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையிலே சீதனம் என்பது பெண்ணுக்குப் பெற்றோர் கொடுக்கும் ஆதனம் ஆகும். அது அவளுக்கே உரியது. காலப்போக்கில் அது மணமகனின் கல்விக்கும் உத்தியோகத்துக்கும் ஏற்ப நிர்ணயிக்கப்படும் விலையாயிற்று. போதாமைக்கு 'டொனேஷன்' என்னும் பெயரால் மணமகன் வீட்டாருக்கு ரொக்கம் கொடுக்கும் வழக்கமும் தோன்றியது. நன்கொடை எனப் பொருள்படும் சொல்லினாலேயே ஒரு வசூல் நடைபெறுவது மொழிக்கு நேர்ந்த அவமானமாகும். வீடு, காணி, நகை யாவும் பயனுள்ளவையே. எனினும் மறுக்கும் சுதந்திரம் இல்லாதவிடத்துக் கொடுக்கப்படுவது எத்துணைப் பயனுள்ளதாயினும் பரிசாகாது.

இவ்வாறெல்லாம் கூறுவதனாற் பயன்பாட்டினை இழிவாகக் கருதுவதாகக் கொள்ளலாகாது. பயனுள்ள பொருளே அன்பின் மிகத் தெளிவான மொழியாக அமைந்த காலங்களும் உண்டு. 1990களில் வடக்கின் மீது பொருளாதாரத் தடை நிலவியபோது, எரிபொருளும் பற்றரிகளும் அருமையாயின. மக்கள் துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். போத்தல் விளக்கிலே பிள்ளைகள் படித்தனர். அக்காலத்திலே பரீட்சைக்குப் படிக்கும் அயல் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கப்பட்ட ஒரு போத்தல் மண்ணெண்ணெயின் பெறுமதியை எந்த விலைப்பட்டியலும் கூறாது. 2022இல் நாடு முழுவதும் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றபோது, கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு எடுத்துச் செல்லப்பட்ட ஒரு பைக்கற் பால்மாவும் அத்தகையதே. இவற்றின் உயர்வுக்குக் காரணம் அவை பயன்பட்டமை மட்டுமன்று. கொடுத்தவர் தமக்கும் வேண்டிய ஒன்றைப் பிரித்துக் கொடுத்தார். யாருடைய வீட்டில் எது இல்லை என்பதையும் சொல்லாமலே அறிந்திருந்தார்.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். அறிதலே அடிப்படையெனின், பயன்படாத பரிசு ஒருபோதும் சிறந்ததாகாது என்றாகிவிடும். ஆனால் 1905இல் வெளியான ஓ. ஹென்றியின் புகழ்பெற்ற சிறுகதையிலே, மனைவி தன் கூந்தலை விற்றுக் கணவனின் சட்டைப்பைக் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குகின்றாள். கணவனோ அக்கடிகாரத்தை விற்று அவள் கூந்தலுக்குச் சீப்புகள் வாங்குகின்றான். இரண்டும் பயனற்றுப் போகின்றன. எனினும் படிப்போர் எவரும் அவற்றைத் தாழ்ந்த பரிசுகள் எனக் கூறார். இத்தடைக்கு விடை அக்கதையிலேயே உள்ளது. மற்றவர் எதனை உயர்வாகப் போற்றுகின்றார் என்பதை இருவரும் சரியாக அறிந்திருந்தனர். பயன் அற்றுப்போனது அறியாமையால் அன்று. இருவரும் ஒரே வேளையில் தம்முடையதைத் துறந்தமையால். ஆகவே பயன்பாடு சிதைந்த பின்னரும் அறிவும் அன்பும் எஞ்சி நின்றன. மாறாக, அறிவு இல்லாதவிடத்துப் பயன்பாடு எஞ்சினும் பரிசு எஞ்சுவதில்லை.

இனி, எதைக் கொடுப்பது என்னும் தொடக்க வினாவுக்கு மீளலாம். பொருள்களின் பட்டியல் ஒன்றைத் தருவது இயலாது. ஏனெனில் பட்டியல் பெறுபவரை அறியாது. கொடுக்குமுன் கேட்டுக்கொள்ளத்தக்க சில வினாக்களை மட்டும் வகுத்துக்கொள்ளலாம். இத்தேவை பெறுபவருடையதா, கொடுப்பவரின் கற்பனையா? இஃது அவரை மதிக்கின்றதா, திருத்த முயல்கின்றதா? ஏற்கெனவே கொடுக்கக் கடமைப்பட்டதற்குப் பரிசென்னும் பெயர் சூட்டப்படுகின்றதா? இதனை அவர் மனவருத்தமின்றி மறுக்கவோ, தமக்கியன்ற வகையில் ஈடுசெய்யவோ இயலுமா? இவ்வினாக்களுக்கு விடை தெரியாதவிடத்து, நேரிற் கேட்டறிதலில் இழிவில்லை. அறியாமையை வியப்பூட்டும் பரிசாக மாற்றுவதிலும் கேட்டல் நேர்மையானது.

இவ்வினாக்களின் வழியே செல்பவர் பல வேளைகளிற் கடைத்தெருவுக்குச் செல்லவேண்டிய தேவையே எழாது. கண்பார்வை மங்கிய பாட்டனாருக்குப் புதிய வேட்டியிலும் நாள்தோறும் அரைமணி நேரம் பத்திரிகை வாசித்துக் காட்டும் பேரன் பெரிய பரிசு. நோயால் விரிவுரைகளைத் தவறவிட்ட மாணவிக்குத் தோழி தன் கையாற் பிரதிசெய்து கொடுக்கும் குறிப்புகள் எந்த வாழ்த்து மடலினும் மேலானவை. தூரக் கிராமத்திலிருந்து முதன்முறையாகப் பல்கலைக்கழகம் வந்த மாணவனுக்கு மூத்த மாணவன் கொடுத்துச்செல்லும் பழைய அகராதி, புதிய அகராதியிலும் பயன்மிக்கதாதல் கூடும். முன்னவன் அடிக்கோடிட்ட சொற்கள் பின்னவனுக்கு வழிகாட்டும். கைக்குழந்தையோடு உறக்கமின்றித் தவிக்கும் இளந்தாய்க்கு, குழந்தைக்கு வந்து குவியும் பத்தாவது சட்டையிலும், அவள் உறங்குவதற்கு ஒரு பிற்பகலை விட்டுக்கொடுக்கும் சகோதரி தேவைப்படுகின்றாள்.

நமது மரபிலே இதற்கு முன்மாதிரியும் உண்டு. மரணம் நிகழ்ந்த வீட்டிலே அடுப்பு மூட்டப்படுவதில்லை. அயலவரும் உறவினரும் சமைத்துக் கொண்டுவந்து கொடுப்பர். என்ன வேண்டும் என அவ்வீட்டார் சொல்லவேண்டியதில்லை. சொல்லும் நிலையிலும் அவர்கள் இல்லை. கொண்டுவந்தவர் நன்றியை எதிர்பார்ப்பதில்லை. எவர் எதைக் கொண்டுவந்தார் எனக் கொப்பியில் எழுதுவாரும் இல்லை. அச்சோறு ஒரு நாளிலே உண்டு தீர்ந்துவிடும். ஆயினும் தேவை அறியப்பட்டது, மானம் காக்கப்பட்டது, கடன் சுமத்தப்படவில்லை. மகிழ்ச்சிக் காலத்துப் பரிசுகளிலே மறந்துவிடும் இம்மூன்றையும் துயர்க்காலத்துக் கொடையிலே நமது ஊரவர் தவறாது பேணிவந்துள்ளனர். உற்றாருக்கும் நண்பருக்கும் கொடுக்கவிருப்போர் அம்மூன்றையும் அங்கிருந்தே கற்றுக்கொள்ளலாம்.